‘ஏழைகளின் பாதாம்’ என்றொரு வசை

ஒரு சொற்றொடரை எதிர்த்து எழுதவேண்டியிருக்கிறது. கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் கடலைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொற்கள் எங்கே பொய் சொல்கின்றனவோ அங்கே நமக்கு வேலை உண்டு என்பதுதான் எங்கள் பதில்.

‘ஏழைகளின் பாதாம்.’ வேர்க்கடலையைப் பற்றி வார இதழின் மருத்துவப் பக்கத்தில் எழுதினாலும், தொலைக்காட்சியின் காலை நேர நிகழ்ச்சியில் பேசினாலும், கைப்பேசியில் பகிர்ந்தாலும், இந்தத் தொடர் இல்லாமல் யாருக்கும் முடிவதில்லை. பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பாதாம் என்பது அளவுகோல். கடலை அந்த அளவுகோலை எட்ட முயன்று தோற்ற பொருள். பாதாம் வாங்க வழியில்லாதவன் இதைத் தின்று திருப்திப்பட்டுக்கொள்ளட்டும் என்ற இரக்கம் அதில் இருக்கிறது. ஓர் எழுத்தாளரை ‘ஏழைகளின் தாகூர்’ என்று யாராவது அழைத்தால் நாம் சும்மா இருப்போமா? உணவுக்கு மட்டும் ஏன் இருக்கிறோம்?

இந்தத் தொடர் வெறும் நாக்குப் பிசகு அல்ல, வீடுகளுக்குள் நுழைந்து வேலை செய்கிறது என்பதை நாங்கள் கண்ணால் கண்டது சேதராப்பட்டில்.

*

புதுச்சேரி நகரிலிருந்து ஊசுட்டேரியைத் தாண்டி மயிலம் செல்லும் வழியில் இருக்கிறது சேதராப்பட்டு. பெயர்ப்பலகையைப் பார்க்கும்வரை அது புதுச்சேரியா தமிழ்நாடா என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. சிறிது தூரம் போனால் வானூர் வட்டம் வந்துவிடும். தொழிற்பேட்டை ஊர். சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று சொல்லி இங்கேயும் கரசூரிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் சும்மா போட்டுவைத்திருந்த கதை இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே ஒரு தொழிற்சாலையில் முறைமாற்று வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எங்கள் வாசகர். மாலை முறை முடிந்து வருகிறவர்களுக்காக ஒரு தள்ளுவண்டி நிற்கும். இரும்புச் சட்டியில் மணல் கொதித்துக்கொண்டிருக்கும். கரண்டி சட்டியில் தட்டும் ஓசை தூரத்திலேயே கேட்கும். நாங்கள் போயிருந்த அன்று நண்பர் எங்களுக்கும் தமக்கும் பொட்டலங்கள் வாங்கினார். பேச்சு அவர் மகளைப் பற்றித் திரும்பியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். மயக்கம் வருகிறது என்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். இரத்தசோகை என்று சொல்லி, அச்சிட்ட உணவுத்தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பாதாம் பத்து, வால்நட் நான்கு, பூசணி விதை ஒரு கரண்டி, உலர் அத்தி இரண்டு.

அத்தியும் வால்நட்டும் அவரால் முடியவில்லை. பாதாமை விடவில்லை. மாதச் செலவில் எதையோ குறைத்துக் கால்கிலோ கால்கிலோவாக வாங்கி, ஒவ்வோர் இரவும் பத்தை எண்ணி ஊறப்போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தார்: “நமக்கு இது போதும்ணே. நல்லது புள்ளைக்கு.”

அந்த ‘நல்லது’தான் எங்களை இதை எழுதவைக்கிறது.

*

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கியவாதிகள் கணக்குக்கு அஞ்சக்கூடாது.

எங்கள் கையிலிருப்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ‘இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு’ நூல். அதன் வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் இந்த நிறுவனமாக வளர்ந்தது. ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது 1958-இல்தான். பட்டியலைப் பல பதிப்புகளாக வளர்த்தெடுத்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன்.

அந்தப் பட்டியலின்படி, நூறு கிராம் வறுத்த வேர்க்கடலையில் புரதம் 26 கிராம், கொழுப்பு ஏறத்தாழ 40 கிராம், ஆற்றல் 570 கலோரி. நூறு கிராம் பாதாமில் புரதம் 21 கிராம், கொழுப்பு 59 கிராம், ஆற்றல் 655 கலோரி. முந்திரியில் புரதம் 21, கொழுப்பு 47. எள்ளில் புரதம் 18, கொழுப்பு 43. பொட்டுக்கடலையில் புரதம் 22, கொழுப்பு வெறும் 5, ஆற்றல் 369 கலோரி. அமெரிக்கப் பட்டியல்களில் எண்கள் சற்று மாறும். முந்திரியின் புரதம் அங்கே 15 கிராமாக இறங்குகிறது. இரகமும் மண்ணும் அளக்கும் முறையும் வேறு. ஆனால் புரதத்தில் கடலையின் இடம் பாதாமுக்குக் கீழே போவதில்லை.

பாதாமுக்கு உரியதைப் பாதாமுக்குக் கொடுத்துவிடுவோம். வைட்டமின் ஈ அதில் நூறு கிராமுக்கு 25 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. கடலையில் அதன் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பாதாமில் கூடுதல். வால்நட்டில் உள்ள ஒமேகா-3 கடலையில் அனேகமாக இல்லை. வறுத்த பூசணி விதையில் புரதம் முப்பது கிராமை நெருங்குகிறது; மெக்னீசியமும் துத்தநாகமும் அதில் தாராளம். இவற்றை மறுக்க எங்களுக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் சுண்ணாம்புச்சத்தில் பாதாம் 230 மில்லிகிராம் என்றால் தோல் நீக்காத எள் 1450. எள்ளின் தோலிலுள்ள ஆக்சலேட் அதில் ஒரு பகுதியை உடலுக்குக் கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது உண்மை. தள்ளுபடி போட்ட பிறகும் எள்ளை யாரும் ‘ஏழைகளின்’ எதுவாகவும் அழைக்க முடியாது. எல்லா எண்ணெய்க்கும் தன் பெயரைக் கொடுத்த வித்து அது.

இப்போது நண்பரின் வீட்டுக்கு வருவோம். பத்து பாதாம் பருப்பின் எடை ஏறத்தாழ 12 கிராம். அதில் புரதம் இரண்டரை கிராம். இரும்பு அரை மில்லிகிராமை ஒட்டி. வளரும் பெண் ஒருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்பில் இது ஒரு சிட்டிகைகூட இல்லை. ஒரு கிலோ பாதாமின் விலைக்கு நான்கைந்து கிலோ வேர்க்கடலைப் பருப்பு கிடைக்கிற சந்தையில், அந்தப் பத்துப் பருப்பின் காசுக்கு ஐம்பது கிராம் வறுகடலை வரும். புரதம் 13 கிராம். அதாவது ‘நல்லது’ என்று மகளுக்குக் கொடுத்ததைப்போல ஐந்து மடங்குப் புரதத்தைத் தகப்பன் தள்ளுவண்டியருகே நின்று கூச்சத்தோடு மென்றுகொண்டிருந்தார்.

கடலை இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. இரும்பில் கடலையும் பெரிய கொடையாளி அல்ல. அதே பட்டியலில் பொட்டுக்கடலைக்கும் எள்ளுக்கும் நூறு கிராமுக்கு ஒன்பது மில்லிகிராமுக்கு மேல் இரும்பு காட்டப்பட்டிருக்கிறது. தாவர இரும்பு உடலில் சேர்வது குறைவு. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். இவ்வளவும் சேர்த்தாலும் சோகை என்று கண்ட பிறகு மாத்திரைதான் முதல் வழி. பள்ளியில் வாரந்தோறும் தருகிற இரும்பு மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று அந்தப் பெண் விழுங்குவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியது எது என்று சொன்ன தாளில், இலவசமாகக் கிடைப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அவர்கள் எல்லோரையும் பாதாம் எண்ண அனுப்பப்போகிறோமா?

*

வறுப்பதால் சத்தெல்லாம் போய்விடும், ஊறவைத்தால்தான் நல்லது என்று ஒரு வாதம் வரும். இதையும் எண்ணிப் பார்த்துவிடுவோம்.

மணல் சூடேறக் கடலையின் ஈரம் வெளியேறுகிறது. புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடிப் புதிய சேர்மங்களாகின்றன. தெருமுனை வரை வரும் அந்த வாசனை அவற்றினுடையது. லூயி கமீய் மய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இதை விவரித்ததால் அவர் பெயரையே அந்த வினைக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வாசனைக்கு ஒரு விலை உண்டு. பி1 வைட்டமினும் ஃபோலேட்டும் கணிசமாகக் குறைகின்றன. லைசின் என்னும் அமினோ அமிலத்தில் கொஞ்சம் போகிறது. வைட்டமின் ஈயிலும் சிறிது. பதிலுக்கு, பச்சைக் கடலையில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள்கள் அழிகின்றன. புரதத்தின் அளவும் கொழுப்பின் அளவும் தாதுக்களும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. ஈரம் போனதால் எடைக்கு எடை சற்றுக் கூடியதாகவே தெரியும். பதமாக வறுத்தால் இழப்பு குறைவு; கருக விட்டால் அதிகம். எண்ணெயில் பொரித்து உப்பும் மசாலாவும் பூசிப் பளபளக்கும் உறையில் அடைப்பது வேறு சங்கதி. அங்கே கெடுதல் செய்வது பெரும்பாலும் உப்பு.

பாதாமுக்கும் இதே நெருப்பு, இதே விதி. வறுத்த கடலைக்கு மட்டும் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு வறுத்த பாதாமைப் புட்டியில் போட்டுப் பரிசளிப்பது என்ன நியாயம்?

*

இந்த மதிப்பிறக்கம் நேற்று வந்ததல்ல. அதற்கு இந்தக் கரையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

இப்பகுதியில் யாரும் வேர்க்கடலை என்று சொல்வதில்லை. மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையானது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர், கடல் சுற்றி வந்த வழியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் அது பரவியபோது, அதை வாரிச் சென்றது புதுச்சேரித் துறைமுகம். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இரயில் வந்தபின் மூட்டைகளுக்கு வழி இன்னும் எளிதானது. கப்பல்கள் மார்செய்க்குப் போயின. அங்கே செனகல் கடலையோடு நம் கடலையும் செக்கில் அரைபட்டு எண்ணெயாகவும் சவர்க்காரமாகவும் ஆனது. இங்கே விளைவித்தவன் அதை உணவாக அல்ல, மூட்டையாகப் பார்க்கக் கற்றான்.

பிரெஞ்சுக் கொடி 1954-இல் இறங்கிய பிறகும் அந்தப் பார்வை இறங்கவில்லை. அரசின் ஏடுகளில் கடலை இன்றுவரை ‘எண்ணெய் வித்து’. பக்கத்துத் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி இரகங்கள் இந்தியா முழுவதும் பரவின. அந்த எழுத்துகள் திண்டிவனத்தின் பெயர் என்பது விதைத்த பலருக்குத் தெரியாது. அந்த நிலையமும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம்தான். எண்ணெயைப் பிழிந்தபின் எஞ்சுகிற பிண்ணாக்கில்தான் புரதம் தங்குகிறது. அதை மாட்டுக்கு வைத்தோம். உழவனுக்கு எருது வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் புரதம் போதாத ஒரு சமூகம் தன் கையிலிருந்த புரதத்தைக் கழிவின் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தது.

மாற்றிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் நீக்கிய கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து ‘பல்நோக்கு உணவு’ என்ற ஒன்றை உருவாக்கியது. நல்ல முயற்சி, வீட்டுச் சமையலறைக்குள் நுழையவில்லை. பிறகு 1996-இல் அதே பிரான்சில் ஆந்த்ரே பிரியான் என்ற மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் கடலை விழுதோடு பால்மாவும் சர்க்கரையும் எண்ணெயும் வைட்டமின்களும் சேர்த்து ‘பிளம்பிநட்’ என்ற பொட்டலத்தைச் செய்தார்கள். 2005-இல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்த குழந்தைகள் அதைத் தின்று மீண்டார்கள். இவ்வகை உணவைக் கொண்டு குழந்தைகளை வீட்டிலேயே வைத்துத் தேற்றலாம் என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாக அறிவித்தன. நம் மல்லாட்டையிலிருந்து சவர்க்காரம் செய்த நாடு, நூறாண்டு கழித்து அதே பயிரிலிருந்து உயிர்காக்கும் மருந்துணவைச் செய்து காட்டியது. நாம் இன்னும் பாதாமின் ஏழை உறவினன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2015-இல் வெளியான ஆய்வொன்று அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஷாங்காய் நகரிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து, கடலையும் பிற பருப்புகளும் கூடுதலாக உண்டவர்களிடையே மரணவிகிதம், குறிப்பாக இதயநோய் மரணம், குறைவாக இருப்பதைக் கண்டது. அமெரிக்கப் பகுதியினரில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள். அவர்கள் தின்றதில் கணிசமானது வேர்க்கடலை. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை நிறுவாது. ஆனாலும் இதயத்துக்கு விலையுயர்ந்த பருப்புதான் வேண்டும் என்ற பேச்சுக்கு அது சரியான பதில்.

*

இவ்வளவு எழுதியதும் எங்களைத் தம் கட்சி என்று எண்ணிக் கைகுலுக்க வருவோர் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

‘கடலை கொழுப்பல்ல, மூலிகை, கருப்பைக் கோளாறு முதல் சர்க்கரை நோய் வரை தீர்க்கும், அந்நியக் கம்பெனிகள் சதி செய்து நம் பாரம்பரிய உணவைக் கெடுத்தன’ என்ற பொருளில் சுற்றும் பகிர்வுகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். எந்தப் பாரம்பரியம்? கடலையும் முந்திரியும் போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த தென்னமெரிக்க விருந்தாளிகள். முந்திரி என்ற பெயரே முன்பு திராட்சைக்கு உரியதாக இருந்தது. வந்தவற்றுக்கு வாயார இடம் கொடுத்ததுதான் நம் பெருமை. தாவரப் பொருள் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்பது கடலையின் தனிச்சிறப்பு அல்ல. மேலும் கடலையில் கொழுப்பு உண்டு, அதுவும் பத்தில் நான்கு பங்கு. ஐம்பது கிராமில் 285 கலோரி. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்களைப் போன்றோருக்குக் கைப்பிடி போதும்.

பூஞ்சை நஞ்சையும் மறைக்கக்கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரிந்தது. சரியாகக் காயாத, ஈரத்தில் கிடந்த கடலையில் அது வளரும். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். வறுத்தால் குறையும், ஒழியாது. சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சை படிந்ததும் கசப்பதும் வாய்க்குள் போகக்கூடாது; சொத்தைக் கடலையைத் துப்பச் சொன்ன பாட்டியின் அறிவு சரியானதே. சிலருக்குக் கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்து. இவற்றைச் சொல்லாத புகழ்ச்சி விளம்பரத்தின் இன்னொரு முகம்தான். மேலைநாட்டுப் பருப்பை விற்கிறவரும் பாரம்பரியத்தை விற்கிறவரும் ஒரே கடையின் இரண்டு கதவுகள்.

*

ஆக, எந்தப் பருப்பு சிறந்தது? கேள்வியே பிழை. யாருடைய தட்டில் என்ன குறைகிறது, அவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதே கேள்வி. சோறு மிகுந்து பருப்பு குறைந்த தட்டுக்கு வேண்டியது புரதம். கடலையின் புரதத்தில் லைசின் போதாது. பொட்டுக்கடலையில் அது நிறைவு. பொட்டுக்கடலையில் மெத்தியோனின் குறைவு. எள்ளில் அது தாராளம். மூன்றையும் வறுத்து வெல்லப்பாகில் பிடித்த உருண்டை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாமலே ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பியது. யாருடைய பாதாமாகவும் இருக்க அது ஆசைப்பட்டதில்லை.

பள்ளிக்குழந்தைக்கு மதிய உணவு தந்த பழமை புதுச்சேரிக்கு உண்டு. பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே அதைத் தொடங்கிவிட்டது. அந்த ஊரின் பள்ளிகளில், நன்றாகக் காய்ந்து, நஞ்சுக்குச் சோதிக்கப்பட்ட கடலையில் செய்த உருண்டை ஒன்று, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மாற்றோடு, வாரத்தில் சில நாளாவது கிடைக்கவேண்டும். பக்கத்து வானூரிலும் மயிலத்திலும் விளைவிப்பவனுக்கு அது சந்தையாகும். மருத்துவமனைகளின் உணவுத்தாள்களில் வாங்க முடிந்தவை முதலில் வரவேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அதற்கு முன்னால், எழுதுகிற நாமெல்லாம் அந்தத் தொடரை இனி எழுதாமலிருக்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

சென்ற முறை சேதராப்பட்டுக்குப் போனபோது நண்பரிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னோம். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு இரவில் விழுங்கச் சொல்லிப் பார்க்கிறோம் என்றார். பிறகு வண்டிக்காரரிடம் இரண்டு பொட்டலம் கேட்டார். ஒன்றை எங்களிடம் நீட்டிவிட்டு, மற்றொன்றைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.